இதயத்துக்கு ஒரு குளுத்தி

எங்கள் பெரியப்பா கொழும்பில் நெஞ்சைத் திறந்து மூடிக்கொண்டு ஊர் திரும்பிய அன்று, தம்பிலுவிலில் பாதிப் பேர் எங்கள் வளவுக்குள் நின்றார்கள். ஆளைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார்கள். ஆனால் எல்லார் கண்ணும் அவருடைய சட்டையின் மேல் பொத்தானிலேயே இருந்தது. தையலைக் காணாமல் ஒருவரும் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தொடவில்லை. கழுத்துக்குழியில் தொடங்கி மேல்வயிறு வரை இறங்கிய அந்தக் கோட்டைப் பெரியப்பா முதல் நாள் கூச்சத்தோடு காட்டினார். மூன்றாம் நாள், கேட்காதவர்களுக்கும் காட்டினார். அக்கரைப்பற்றிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி காக்கா தேனும் கருஞ்சீரகமும் கொண்டுவந்து, தையலைப் பார்த்துவிட்டு, "மச்சான், உரச்சாக்கத் தைச்ச மாதிரித் தைச்சிருக்கானுகள்" என்று பாராட்டினார்.

இரண்டு கிழமை போனது. ஊர் தையலை மறந்து வேறு சோலிக்குப் போன நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தியது. மல்லாந்து படுத்தால் கூடியது, முன்னால் குனிந்து இருந்தால் குறைந்தது. ஒப்பறேசன் அவிழ்ந்துவிட்டது என்று பெரியம்மா ஒப்பாரிக்குத் தயாரானாள். வாகனம் பிடித்து ஓடினோம். டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார், படம் எடுத்தார், பிறகு சொன்னார்: ஒப்பறேசனில் பிழை இல்லை. இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதை வெட்டித்தான் உள்ளே போனார்கள். இப்போது அந்த உறைக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபத்துக்கு மருந்தாக ஒரு கடதாசிப் பைக்குள் சின்னஞ்சிறு குளிசைகள் வந்தன. பெரியப்பா கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டினார்.

"கொல்... சி... சின்."

கண்ணாடியைக் கழற்றினார். "பேரிலேயே சொல்லிப்போட்டானுகள் மனே. ரெண்டாந்தரம் தப்ப ஏலா."

நான் கைபேசியைத் தட்டிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, செடியிலிருந்து எடுக்கிற மருந்துதான் என்றேன். எந்தச் செடி என்றார். கையை நீட்டினேன். கார்த்திகை மாதம். இரண்டு மழை கண்ட வேலியில், கதியாலைச் சுற்றிக்கொண்டு, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற இதழ்களை மேல்நோக்கி விரித்துக்கொண்டு, தீக்கொழுந்து மாதிரி நின்றது கார்த்திகைப் பூ.

பெரியம்மா வேலியைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். "வேலியில கிடக்கிறதத் திங்கவா கொழும்புக்குப் போனீங்க?"

கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்காக விடை சொல்வதென்றால் இரண்டாயிரம் வருசத்துக் கதை சொல்ல வேண்டும். கதைக்குள் ஒரு சூனியக்காரி, ஒரு மேசனின் தம்பி, ஒரு பட்டாளத்துக்காரன், விலையேற்றத் தெரிந்த ஒரு கம்பனி, சீட்டுக் குலுக்கிய இத்தாலிக்காரர் எல்லாரும் வருவார்கள். ஆனால் முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் அறிந்ததுதான்: அந்தக் கொடியின் கிழங்கு விஷம். குளிசையில் இருப்பதும் அதே விஷம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அளவு ஒன்றுதான். கதை முழுவதும் அந்த அளவைத் தேடி அலைந்தவர்களின் கதை.

முதலில் நம்முடைய ஆட்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களுக்கு வரிசை கட்டினார். அந்த வரிசையில் முதல் இடம் செங்காந்தளுக்கு. பரிசளிப்பு விழாவில் முதல் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அது அன்றிலிருந்து தலை நிமிர்ந்து நிற்கிறது. சங்கப் புலவர்களுக்கு அந்தப் பூவைக் கண்டால் ஒரே நினைவுதான்: பெண்ணின் விரல். ஒருவர் விரல் என்றார், அடுத்தவரும் விரல் என்றார், அதற்கடுத்தவர் வளையல் போட்ட கை என்றார். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கைத் தோண்டிப் பார்க்கப் புலவருக்கு நேரமில்லை. விரலைப் பாடி முடிப்பதற்குள் பரிசில் வாங்கும் நேரம் வந்துவிடும்.

கிழங்கைப் பார்த்தவன் உழவன். வளைந்த கலப்பை மாதிரி இருக்கிறது என்று கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்தான். தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்றார்கள். மருத்துவிச்சிகள் பிள்ளைப்பேறு இழுபட்டால் கிழங்கை அரைத்து வெளியே பூசினார்கள். உள்ளே கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். யாரோ ஒருவர் முன்பு உள்ளே கொடுத்துப் பார்த்திருப்பார். பழைய வைத்தியத்தில் பரிசோதனை நடந்தது. முடிவை எழுதிவைக்க ஆள்தான் மிஞ்சவில்லை.

இந்த விஷத்துக்குப் பெயர் கொடுத்தது நம்முடைய பூ இல்லை. நம்முடையதற்கு ஐரோப்பாவில் ஒரு தூரத்து உறவு உண்டு: இலையுதிர் காலத்தில் ஊதா நிறத்தில் பூக்கிற கொல்சிக்கம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டு வளவிலிருந்து ஒரே கசிப்பைக் காய்ச்சுகிற அண்ணன் தம்பி மாதிரி, ஒரே நஞ்சைத் தனித்தனியே காய்ச்சுகின்றன. கொல்சிக்கத்துக்கு அந்தப் பெயர் கருங்கடலோரத்துக் கொல்கிஸ் நாட்டால் வந்தது. கிரேக்கக் கதையில் மீடியா என்கிற சூனியக்காரியின் ஊர் அது. விஷம் வைப்பதில் கைதேர்ந்தவள். புருசன் துரோகம் செய்ததும் அவள் செய்த வேலைகளைச் சொன்னால் நம்முடைய கண்ணகி நிதானமான பெண்ணாகத் தெரிவாள். ஆக, பெரியப்பா பெயரில் பார்த்த "கொல்" முழுவதும் பொய் இல்லை. ஊர் வேறு, குணம் ஒன்று.

ஆறாம் நூற்றாண்டில் திரால்லெஸ் என்ற ஊரில், இன்றைய துருக்கியில், அலெக்சாந்தர் என்று ஒரு பரிசாரியார் இருந்தார். அண்ணன் அந்தேமியுஸ் கட்டடக்கலைஞர், கொன்ஸ்தாந்தினோபிளில் ஆயா சோபியாவைக் கட்டியவர்களில் ஒருவர். அண்ணன் உலகமே அண்ணாந்து பார்க்கிற குவிமாடம் எழுப்பினார். தம்பி, உலகம் குனிந்து பார்க்கிற கால் பெருவிரலைக் கவனித்தார். பெருவிரல் மூட்டு வீங்கி, போர்வை நுனி பட்டாலே உயிர் போகிற கௌட் நோய்க்கு அவர் கொடுத்தது இந்தக் கிழங்கு வகையைத்தான். வீக்கம் வடிந்தது. கூடவே வயிறும் வடிந்தது. கெட்ட நீர் வெளியேறுவதால்தான் நோய் போகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். நோயாளி கொல்லைப்புறம் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, கால் சுகமாகிவிட்டது என்று முடிவு செய்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு அந்த அறிவு அரபு மொழிக்குள் வந்தது. 1037 இல் மறைந்த இப்னு சீனா மூட்டு வலிக்கு இதைப் பரிந்துரைத்தார். பெயர் சூரஞ்சான். யூனானி மருந்துகளில் அந்தப் பெயர் இன்றும் வாழ்கிறது. இதைச் சொன்னதும் அக்கரைப்பற்றுக் காக்காவுக்கு முகம் மலர்ந்தது. "எங்கட ஆக்கள் ஆயிரம் வருசத்துக்கு முந்தியே சொல்லிப்போட்டாங்க." பெரியப்பாவும் விடவில்லை. "எங்கட கபிலர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி." கபிலர் சொன்னது விரலைப் பற்றி என்று நான் சொல்லவில்லை. நெஞ்சில் தையல் இருக்கிறவரோடு வாதிடக் கூடாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வியன்னாவில் அன்ரன் ஃபொன் ஷ்டோர்க் என்று ஒரு டொக்டர் வந்தார். பேரரசி மரியா தெரேசாவின் வைத்தியர். இவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம்: விஷச் செடிகளைத் தேடிப் பிடித்துத் தானே விழுங்கிப் பார்ப்பது. 1763 இல் கொல்சிக்கத்தையும் விழுங்கினார், பிழைத்தார், புத்தகம் எழுதினார். அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர் இரவில் விஷத்தை ருசி பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் அந்த மனிதரிடம் ஒரு நேர்மை இருந்தது. பிறர் வாயில் வைப்பதை முதலில் தன் வாயில் வைத்தார். அவருக்குத் தெரியாத ஒன்று: ஒரு வாய் எப்போதும் ஒரு வாய்தான். ஒருவர் பிழைத்தால் மருந்து, செத்தால் விஷம் என்ற கணக்கில் எதையும் நிரூபிக்க முடியாது.

பிரான்சில் ஹுஸ்ஸோன் என்ற பட்டாளத்து அதிகாரி இன்னும் கெட்டிக்காரர். எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று கண்டுபிடித்தார். ஒரு போத்தலில் தண்ணீர் மாதிரி ஒன்றை அடைத்து, "மருத்துவத் தண்ணீர்" என்று பெயர் ஒட்டி, உள்ளே என்ன என்று சொல்லாமல் விற்றார். கௌட் பறந்தது. ஐரோப்பாவில் கௌட் பணக்காரர் நோய். நோயாளி பணக்காரன், மருந்து ரகசியம் என்றால் விற்கிறவன் எப்படி இருப்பான் என்பதை நம்முடைய சந்தையில் எண்ணெய்ப் போத்தலோடு ஒலிபெருக்கி வைத்து நிற்கிறவரைப் பார்த்தால் தெரியும். போத்தலுக்குள் இருப்பது கொல்சிக்கம்தான் என்று 1814 இல் ஜோன் வான்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர் போட்டுடைத்தார். அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்கிளினுக்கும் இதே நோய். மின்னலையே நூலில் கட்டி இறக்கியவர் பெருவிரலிடம் தோற்று, கௌட் தன்னோடு வாதாடுவது போல 1780 இல் ஒரு கட்டுரையே எழுதினார். வாதத்தில் வென்றது கௌட்.

1820 இல் பாரிசில் பெல்லெத்தியே, காவாந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் கிழங்கிலிருந்து நஞ்சைப் பிரித்தார்கள். மலேரியாவுக்குக் குயினைன் தந்ததும் அதே வருசம், அதே சோடி. 1833 இல் கைகர் என்ற ஜெர்மானியர் அதற்குக் கொல்சிசின் என்று பெயர் வைத்தார். நம்முடைய கார்த்திகைப் பூவுக்குள்ளும் அதே கொல்சிசின்தான் என்பது 1915 இல் தெரியவந்தது. கபிலருக்கும் வேதியியலுக்கும் நடுவில் ஏறத்தாழ 1,900 வருச இடைவேளை. நாங்கள் இடைவேளையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தோம்.

பூ மட்டும் சும்மா இருக்கவில்லை. உலகம் முழுவதும் பதவி வாங்கியது. தமிழ்நாட்டில் அரச மலர். சிம்பாப்வேயில் தேசிய மலர். 1947 இல் தெற்கு ரொடீசியாப் பிள்ளைகள் இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூ வடிவத்தில் வைர ஊசிப்பதக்கம் பரிசளித்தார்கள். விடுதலைப் புலிகள் தங்கள் தேசியப் பூவாக அறிவித்ததிலிருந்து இலங்கையில் இதற்கு ஓர் அரசியல் சாதகமும் சேர்ந்துகொண்டது. ராணியின் மார்பில் குத்தினால் மரியாதை, எங்கள் விளையாட்டுப் போட்டிப் பந்தலில் குத்தினால் பொலிஸ் வந்து விசாரிக்கும். இவை ஒன்றும் அறியாமல் அது ஒவ்வொரு கார்த்திகையும் எங்கள் வேலியில் அனுமதிப்பத்திரமில்லாமல் பூக்கிறது.

தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் இந்தப் பூவிடம் காசு கேட்டவர்கள். விதையில் கொல்சிசின் கிழங்கைவிடக் கூடுதல் என்பதால் விதைக்காகவே பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வண்டை நம்பினால் காய் பிடிக்காது என்று விடியற்காலையில் ஆட்கள் போய்ப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். புலவர் விரலுக்கு உவமை சொன்ன பூவுக்கு இப்போது விரலால்தான் கல்யாணம் நடக்கிறது.

இலங்கையில் இந்தக் கிழங்கை ஆஸ்பத்திரி விஷப் பிரிவும் அறியும். சமையலுக்கான கிழங்கு என்று தவறாக அவித்துத் தின்றவர்கள் உண்டு, தெரிந்தே தின்றவர்களும் உண்டு. அதை உட்கொண்டு பிழைத்த ஓர் இளம்பெண்ணின் முடி முழுவதும் கொட்டிப்போனதை நம் நாட்டு டொக்டர் குணரத்ன 1966 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளலாம். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் வீடு கட்டும்போது நாட்டுகிற சாரம் மாதிரி நுண்ணிய குழல்கள் உண்டு. கொல்சிசின் அந்தச் சாரத்தைக் கட்ட விடாது. சாரம் இல்லாமல் கலம் இரண்டாகப் பிரியாது. முடி, குடல், எலும்பு மச்சை என்று எங்கெல்லாம் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ, அங்கெல்லாம் முதல் அடி விழும்.

அதே வேலை, மிகக் குறைந்த அளவில் நல்ல வேலையாகிவிடுகிறது. உடம்பில் எங்காவது காயம் பட்டால் வெள்ளையணுக்கள் கல்லெறியப் போகிற கூட்டம் மாதிரி ஓடுகின்றன. அவற்றுக்கும் ஓடச் சாரம் வேண்டும். கொஞ்சம் கொல்சிசின் கொடுத்தால், கூட்டம் புறப்படுகிற நேரம் சைக்கிள் ரயரில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ஆள் சாகவில்லை, சைக்கிள் உடையவில்லை. ஆனால் கலவரம் நடக்காது.

கார்த்திகைக் கிழங்கின் நஞ்சை ஆராய்ந்து 1968 இல் இலங்கை மருத்துவ அறிவியல் இதழில் வந்த கட்டுரையில் சேனக பிபிலே என்ற பெயரும் இருக்கிறது. பேராதனைப் பேராசிரியர். கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காதே, மருந்துக்குக் கொடு என்று சொன்னவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் தலைவர். ஒரே மருந்தைப் பத்துப் பெயரில் பத்து விலைக்கு இறக்காமல், நாட்டுக்கு மொத்தமாகக் கேள்வி கோரி மலிவாக வாங்குகிற வழியைக் காட்டினார். பெரிய கம்பனிகளுக்கு அவரைக் கண்டால் நெஞ்சுவலி. 1977 இல் கயானாவில் அவர் இறந்தபோது அவருக்கு 57 வயது.

அவர் இருந்திருந்தால் 2009 இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்துச் சிரித்திருப்பாரா, அடித்திருப்பாரா தெரியாது. கொல்சிசின் அங்கே சட்டம் வருவதற்கு முந்திய பழைய மருந்து என்ற பெயரில் அங்கீகாரம் இல்லாமலே ஒரு குளிசை 9 சதத்துக்கு விற்றது. பழைய மருந்துகளும் ஒழுங்காகச் சோதித்து அங்கீகாரம் வாங்க வேண்டும் என்றது அரசு. ஒரு கம்பனி முன்வந்து, 184 நோயாளிகளில் ஒரு சிறிய சோதனை நடத்தி, அங்கீகாரமும் சில வருசத் தனியுரிமையும் பெற்றது. குளிசை விலை 4 டொலர் 85 சதமானது. ஐம்பது மடங்குக்கு மேல். மூன்று வருசத்தில் அந்தக் கம்பனியை ஜப்பானியக் கம்பனியொன்று 80 கோடி டொலருக்கு வாங்கியது. மீடியா செய்யாத சூனியம் இது. இப்னு சீனாவின் வாரிசுகளுக்கோ, திரால்லெஸ் அலெக்சாந்தரின் பேரப்பிள்ளைகளுக்கோ, எங்கள் வேலிக்கோ ஒரு சதமும் வரவில்லை.

சரி, கால் பெருவிரலுக்குக் கொடுத்ததை இதயத்துக்குக் கொடுக்க யாருக்குத் தோன்றியது?

இதயத்தைத் திறந்து வைத்தியம் செய்யத் தொடங்கிய 1950களிலேயே டொக்டர்கள் ஒரு விசயத்தைக் கவனித்தார்கள். ஒப்பறேசன் நன்றாக முடியும். ஆள் எழும்பி இருந்து கஞ்சி குடிப்பார். சில நாளில், சில கிழமையில், காய்ச்சலும் நெஞ்சுக் குத்தும் வரும். இதய உறைக்குள் நீர் கட்டும். முதலில் பழைய வாதக் காய்ச்சல் கிளம்பிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பிறகுதான் இது வெளியிலிருந்து வந்த நோயில்லை, வெட்டுப்பட்ட உறையை உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று புரிந்தது. இதயத்தைத் திறந்தால் உள்ளே இருக்கிறவர் மன்னிக்கலாம், வாசலில் இருக்கிற உறை மன்னிக்காது. நம்முடைய வீடுகளிலும் அப்படித்தான்.

அஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீரோயிட் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீரோயிட் கோபத்தை அடக்கி ஆளை வேகமாகத் தேற்றும் என்று பலரும் நம்பினார்கள். 18 நாடுகளில் 7,507 பேரிடம் சோதித்து 2015 இல் லான்செட்டில் வெளியிட்டபோது, எதிர்பார்த்த பலன் இல்லை என்று வந்தது. நம்பிக்கை பெரிதாக இருந்தது. எண்ணிக்கை அதைவிடப் பெரிதாக இருந்தது.

இதற்கிடையில் 1987 இல் பார்சலோனாவில் சில டொக்டர்கள் லான்செட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இதய உறை திரும்பத் திரும்ப வீங்கிய மூன்று பேருக்குக் கொல்சிசின் கொடுத்தோம், அடங்கியது. மூன்றே மூன்று பேர். ஊர்ச் சந்தியில் மூன்று பேர் சொன்னால் வதந்தி. லான்செட்டில் மூன்று பேர் சொன்னால் ஆராய்ச்சியின் தொடக்கம். அந்த நூல் நுனியைப் பிடித்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து மாசிமோ இமாசியோ. அவர் ஷ்டோர்க் மாதிரி விழுங்கவில்லை, ஹுஸ்ஸோன் மாதிரி விற்கவில்லை. எங்கள் பெரியம்மா மாதச் சீட்டுக்குச் செய்கிறதைச் செய்தார். குலுக்கினார்.

இதய ஒப்பறேசன் முடிந்த 360 பேர். மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாதம் குளிசை. குலுக்கலில் 180 பேருக்குக் கொல்சிசின் விழுந்தது, 180 பேருக்கு வெறுங்குளிசை: பார்வைக்கு அதே மாதிரி, உள்ளே ஒன்றுமில்லை. கொடுக்கிற டொக்டருக்கும் எது என்று தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. சீட்டுக்காரியின் மகளுக்கே முதல் சீட்டு விழுகிற ஊரில் இருந்து பார்க்கும்போது இது பெரிய தருமம். 2010 இல் முடிவு வந்தது. வெறுங்குளிசை விழுங்கியவர்களில் 38 பேருக்கு அந்த உறைக் கோபம் வந்தது. கொல்சிசின் விழுங்கியவர்களில் 16 பேருக்கு மட்டும். அதே சோதனைக்குள் 336 பேரை எடுத்து இதயத் துடிப்புத் தாளம் தப்புகிறதா என்று பார்த்தார்கள்: 22 சதவீதம், 12 சதவீதமானது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் சராசரியாக 10.3 இலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. ஒரு நாள்கூட இல்லை என்று சிரிப்பவர்கள், வாட்டில் அடுத்த கட்டில்காரரின் குறட்டையை ஓர் இரவு கேட்டுவிட்டு வந்து சிரிக்கலாம்.

இந்த இடத்தில் பெரியப்பா குறுக்கிட்டார். குளிசை தொடங்கி நாலாம் நாள் அது. "ஆருக்கு எது எண்டு தெரியாதாம். பொய். எனக்குத் தெரியும்." எப்படி என்றேன். வளவின் மூலையில் இருந்த கக்கூசைக் காட்டினார். "நாலு தரம் போயிற்றன். வெறுங்குளிசை இந்த வேலை செய்யுமா?"

மருத்துவ உலகம் நீண்ட காலமாகத் தலையைச் சொறிகிற ஒரு சிக்கலைக் கையில் செம்போடு நின்று சொல்லிவிட்டார். பக்கவிளைவு வெளிப்படையாக இருந்தால் மறைப்பு கிழிந்துவிடும். திரால்லெஸ் அலெக்சாந்தர் காலத்து வயிறுதான் இன்றைய வயிறும். டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தோம், அளவைக் குறைத்தார்.

இமாசியோவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வெற்றிக்குப் பிறகு வருகிறது. நம்முடைய ஆளாக இருந்தால் 2010 முடிவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, பொன்னாடை வாங்கி, ஓய்வெடுத்திருப்பார். அவர் மறுபடியும் குலுக்கினார். ஒப்பறேசனுக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே தொடங்கினால் இன்னும் நல்லதோ என்று பார்க்க, மறுபடியும் 360 பேர். 2014 இல் வந்த முடிவு: உறைக் கோபம் 53 பேரிலிருந்து 35 ஆகக் குறைந்தது. ஆனால் தாளத் தப்பு விசயத்தில், முதல் சோதனை காட்டிய நன்மை உறுதியாகக் கிடைக்கவில்லை. வயிற்றுக் கோளாறு கொல்சிசின் பக்கம் இரண்டு மடங்கு. இதையும் அவரே எழுதி வெளியிட்டார். தன்னுடைய மருந்தைப் பற்றித் தானே குறை எழுதுகிற வைத்தியரை எங்கள் சந்தியில் நான் இன்னும் காணவில்லை.

அதற்குப் பிறகும் பூ ஏறி இறங்கியது. மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் சோதித்து, அடுத்தடுத்து வரும் இதயச் சிக்கல்களைக் குறைக்கிறது என்று 2019 இல் மொன்றியல் ஆட்கள் சொன்னார்கள். 2023 இல் அமெரிக்கா 0.5 மில்லிகிராம் குளிசையை இதயத்துக்கென்றே அனுமதித்தது. 2024 இல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய சோதனை, பயனைக் காணவில்லை என்றது. சூதாட்டம் மாதிரி இருக்கிறதே என்று காக்கா கேட்டார். இல்லை, சூதாடி தோற்ற கணக்கைச் சொல்ல மாட்டான் என்றேன்.

வைகாசி வந்தது. எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து வழக்குரை பாடி, கடைசியில் குளுத்தி. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளை இந்தக் கரைச் சனம் வருசா வருசம் குளிரப்பண்ணி அனுப்புகிறது. அவளைக் கோபப்படாதே என்று யாரும் சொல்வதில்லை. கோபத்தில் நியாயம் உண்டு. எரிந்தது போதும், இனி ஆறம்மா என்பதுதான் சடங்கு. பெரியப்பா வெள்ளை வேட்டியோடு நின்றார். காய்ச்சல் போய் எத்தனையோ மாதம்.

திரும்பி வரும்போது ஒருவர் எங்கள் வேலியோரம் அவரை மறித்தார். அவருக்கும் நெஞ்சில் கொஞ்சம் அடைப்பாம். கொழும்புக்குப் போகச் செலவு கூட. "அண்ணன், அந்தக் கார்த்திகைக் கிழங்குதானாமே உங்களச் சுகமாக்கினது? எங்க கிடக்கும்?"

கொடி காய்ந்து கருகிக் கதியாலோடு ஒட்டிக் கிடந்தது. கிழங்கு மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்துக் கிடந்திருக்கும். பெரியப்பா அந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தையலைக் காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை.

"விஷம்தான் இதுக்குள்ள கிடக்கு தம்பி. அளவு கிடக்கிறது டொக்டர்ட கடதாசியில. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடு, நானும் வாறன்."

சொன்னபடி போனார். இரண்டு பேரும் முதல் பஸ்சில்.